சிவப்புக் கூம்புக்கும் பச்சைக் கூம்புக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டா?

கேள்வி, 3 பிப்ரவரி

உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். ஆனால் விழித்திரையில் ஒரு கூம்புச் செல் சிவப்பு நிறமியை மட்டும் செய்கிறது, பக்கத்துச் செல் பச்சையை மட்டும், இன்னொன்று நீலத்தை மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் புரதம் இருந்து, தன் மரபணுவைத் திறந்துவிட்டு மற்ற இரண்டையும் பூட்டுகிறது என்று நினைக்கிறேன். மூன்று நிறம், மூன்று பூட்டு, மூன்று சாவி. அந்த மூன்று புரதங்களின் பெயர் தெரிந்தவர் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

மூன்று சாவி இல்லை. நீலத்துக்கு நீங்கள் சொல்வது ஏறக்குறைய பொருந்தும். சிவப்பு, பச்சைக்குப் பொருந்தவே பொருந்தாது. அங்கே கதவு இரண்டு, சாவி ஒன்று. அந்தச் சாவியும் புரதம் இல்லை, டிஎன்ஏயிலேயே ஒரு சின்னத் துண்டு.

பெயர்க் குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். சிவப்புக் கூம்பு என்பது பேச்சுவழக்கு. அதன் உச்ச உணர்திறன் 560 நானோமீட்டர் பக்கம், அது மஞ்சள் கலந்த பச்சை. பச்சைக் கூம்புக்கு 530, நீலத்துக்கு 420. ஆய்வுக் கட்டுரைகளில் எல், எம், எஸ் என்று எழுதுவார்கள். நான் இங்கே நிறப் பெயரையே வைத்துக்கொள்கிறேன், விரல் அதற்குப் பழகிவிட்டது.

1986இல் ஜெரமி நேதன்ஸும் கூட்டாளிகளும் இந்த மூன்று மரபணுக்களையும் பிரித்தெடுத்தார்கள். நேதன்ஸ் இதற்குத் தன் சொந்த டிஎன்ஏவையே எடுத்துக்கொண்டார். நீல மரபணு 7ஆம் குரோமோசோமில் தனியாக இருக்கிறது. சிவப்பும் பச்சையும் எக்ஸ் குரோமோசோமின் கோடியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இரண்டு புரதங்களும் 364 அமினோ அமில நீளம், அதில் வித்தியாசம் 15 இடத்தில்தான். மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே மரபணு இரட்டித்ததில் வந்தவை இவை.

இரட்டித்தபோது மரபணுவோடு சேர்ந்து அதன் முகப்பும் நகலாகிவிட்டது. முகப்பு என்று நான் சொல்வது புரமோட்டரை, அதாவது வாசிப்பு தொடங்கும் இடத்தை. இரண்டு முகப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், ஒரு புரதம் வந்து சிவப்பை அடையாளம் கண்டு பச்சையை விட்டுவிடுவது எப்படி? உங்கள் மூன்று சாவி யோசனை இடறும் இடம் இதுதான். மீதி நாளை.

4 பிப்ரவரி

சிவப்பா பச்சையா என்பதெல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் செல் இன்னும் மூன்று கிளைவழியைத் தாண்டியாக வேண்டும்.

முதலாவது, ஒளி வாங்கும் செல்லாக ஆவதா வேண்டாமா. ஓடிஎக்ஸ்2 என்ற புரதம் இதைத் தொடங்கிவைக்கிறது, பிறகு அதன் உறவுக்காரரான சிஆர்எக்ஸ் வேலையை எடுத்துக்கொள்கிறது. சிஆர்எக்ஸ் கூம்பிலும் உண்டு, மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்லிலும் உண்டு. அதனால் அதை மட்டும் பார்த்து இது கூம்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, கோலா கூம்பா. இங்கே நிஜமாகவே ஒரு அதிகாரி இருக்கிறார். பெயர் என்ஆர்எல். இருந்தால் கோல், இல்லாவிட்டால் கூம்பு. என்ஆர்எல் தனக்குக் கீழே என்ஆர்2இ3 என்ற இன்னொரு புரதத்தை எழுப்புகிறது, அது கூம்பு மரபணுக்களை வாயடைத்து வைக்கிறது. 2001இல் ஆனந்த் ஸ்வரூப் குழு எலியில் என்ஆர்எல் மரபணுவை நீக்கிப் பார்த்தது. கோல் செல் ஒன்றுகூட இல்லை. அந்த இடமெல்லாம் நீலக் கூம்பு போன்ற செல்கள்.

மனிதரிலும் இதன் நிழல் உண்டு. என்ஆர்2இ3 பழுதானவர்களுக்கு மாலைக்கண் வரும், கூடவே நீல ஒளிக்கு வழக்கத்தை மீறிய உணர்திறன் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று கூடுவது கண் நோய்களில் அபூர்வம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் செல் நீலக் கூம்பாகிறது. அதாவது நீலம்தான் இயல்பு நிலை. மற்றதெல்லாம் அதன்மேல் போடப்பட்ட உத்தரவு.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

தனிமடலில் ஒருவர், மனிதக் கண்ணில் கூம்பு எத்தனை என்று கேட்டார். 60, 70 லட்சம் என்று பழைய நினைவில் பதில் போட்டுவிட்டேன். புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். 1990இல் கர்சியோ குழு உட்கார்ந்து எண்ணியபோது சராசரி 46 லட்சம்தான் வந்தது. கோல் செல்கள் 9 கோடியே 20 லட்சம். திருத்திக்கொள்ளவும்.

6 பிப்ரவரி

நீலமா, நீலம் அல்லாததா என்ற மூன்றாவது கிளைவழிக்கு வருவோம். இங்கே முடிவெடுக்க வைப்பது தைராய்டு ஹார்மோன். கழுத்தில் சுரப்பது கண்ணில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். முதலில் படித்தபோது நானும் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி டிஆர் பீட்டா 2 கூம்புகளில் இருக்கிறது. அதை நீக்கிய எலிகளில் பச்சை நிறமி வரவே இல்லை, எல்லாக் கூம்பும் நீல நிறமியைச் செய்தன. இதுவும் 2001 முடிவு. மனிதருக்கு அதையே காட்டியது 2018இல் ராபர்ட் ஜான்ஸ்டன் ஆய்வுக்கூடம். எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல்லிலிருந்து குட்டி விழித்திரைகளைக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். ஏற்பியை எடுத்துவிட்டால் எல்லாம் நீலம். தொடக்கத்திலேயே ஹார்மோனை ஊற்றினால் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு-பச்சை வகை.

தாயிடமிருந்து வரும் அளவுக்குத் தகுந்தபடி கண் ஆடுவதில்லை. விழித்திரையே ஹார்மோனைக் கையாள்கிறது. ஆரம்பத்தில் டிஐஓ3 என்ற நொதி ஹார்மோனைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், அந்தக் காலத்தில் பிறக்கும் கூம்பு நீலமாகும். பிறகு டிஐஓ2 மேலெழும், அது ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும். அப்போது பிறப்பவை சிவப்பு-பச்சை. ஆக, சுவிட்ச் என்பதைவிடக் கடிகாரம் என்பதுதான் பொருத்தம். நீங்கள் எப்போது பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் யார். ஜாதகக்காரர்கள் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

இனி சொந்தக் கதை. மாணவனாக இருந்தபோது எலி விழித்திரையில் இரண்டு நிறமிக்கும் சாயம் ஏற்றுவது என் வேலை. எலியின் விழித்திரையில் மேல்பாதி பெரும்பாலும் பச்சை, கீழ்ப்பாதியில் நீலம் ஓங்கும். விழித்திரையை எடுத்து, நான்கு வெட்டுப் போட்டு, நாலிதழ்ப் பூ மாதிரி விரித்து வைப்போம். விரித்த பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாது. அதனால் கண்ணை எடுக்கும் முன்பே கருவிழியின் மேல் விளிம்பில் ஓர் அடையாளம் வைத்துவிட வேண்டும்.

ஒரு தொகுதி முழுவதற்கும் அடையாளம் வைக்க மறந்தேன். இரண்டு நாள் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, நீலம் தூக்கலாக இருக்கும் பக்கம்தான் கீழ்ப்பக்கம் என்று குறித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். வரைபடம் அத்தனை அழகாக வந்தது. வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: கீழ்ப்பக்கம் என்று எப்படித் தெரிந்தது? நீலம் இருந்ததே என்றேன். கீழ்ப்பக்கத்தில் நீலம் இருக்கிறதா என்பதுதானே நீ அளக்க வேண்டியது என்றார். தொகுதி முழுவதும் குப்பைக்குப் போனது.

9 பிப்ரவரி

சாவி ஒன்று, கதவு இரண்டு என்றேன் அல்லவா. சிவப்பு மரபணுவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு எழுத்து முன்னால் ஒரு சிறு டிஎன்ஏ பகுதி இருக்கிறது. பெயர் எல்சிஆர், இடக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று சொல்லலாம். அது இல்லாமல் சிவப்பும் வாசிக்கப்படாது, பச்சையும் வாசிக்கப்படாது.

இது தெரியவந்த விதம் சுவையானது. சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே வேலை செய்யாது, நீலக் கூம்பும் கோலும்தான் மிச்சம். அவர்களில் சிலரின் டிஎன்ஏவைப் பார்த்தால் பச்சை மரபணு அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. முன்னால் இந்தத் துண்டுதான் காணோம். 1989இல் நேதன்ஸ் குழு இதை வெளியிட்டது.

எல்சிஆர் வளைந்து போய் ஒரு முகப்பைத் தொடும். ஒரு செல்லில் ஒன்றைத்தான் தொட முடியும். சிவப்பின் முகப்பைத் தொட்டால் அது சிவப்புக் கூம்பு. சுமார் 40 ஆயிரம் எழுத்து தள்ளியுள்ள பச்சையின் முகப்பைத் தொட்டால் பச்சைக் கூம்பு. பூவா தலையா போட்ட மாதிரி. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு என்றாலும் செல்லுக்கு ஒரு எக்ஸ் உறங்கிவிடுவதால் கணக்கு அதேதான்.

பக்கத்துத் துண்டு என்பதற்காக உடனே நம்ப வேண்டாம். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது: கூம்புக்குள் ஏதாவது மறைவான புரதம் இருந்துகொண்டு எல்சிஆரைத் திருப்பிவிடலாம் அல்லவா? அதைத் தீர்த்தது எலிதான். எலிக்கு எக்ஸில் ஒரே ஒரு நிறமி மரபணு. அதன் கூம்பு சிவப்பா பச்சையா என்று வாழ்நாளில் யோசித்ததில்லை. மனித எல்சிஆரோடு இரண்டு முகப்பையும், ஒவ்வொன்றின் பின்னாலும் வெவ்வேறு அடையாள மரபணுவையும் கட்டி எலிக்குள் வைத்தார்கள். பெரும்பாலான கூம்புகள் இரண்டில் ஒன்றை மட்டும் வாசித்தன. தேர்வு செய்யத் தெரியாத செல்லில் வைத்தாலும் தேர்வு நடக்கிறது என்றால், தேர்வு டிஎன்ஏ அமைப்பிலேயே இருக்கிறது என்றுதான் அர்த்தம். 1999இல் வந்த கட்டுரை. இவ்வளவு எளிமையான கட்டுமானத்தில் இவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் வாங்கியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

10 பிப்ரவரி

கேள்வி கேட்டவர், "இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்களே, உங்களுக்கு இதில் என்ன லாபம்?" என்கிறார். லாபம் இல்லை, நட்டம்தான். எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை. நிறக்குறையைக் கண்டறிய இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தட்டுகளில் முதல் தட்டைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் எண் எனக்குத் தெரியாது. சாயப் படங்களைச் சிவப்பு, பச்சையில் தராமல் கருஞ்சிவப்பு-ஊதா, பச்சையில் தாருங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் நச்சரித்தவன் நான்.

ஒருமுறை கூட வேலை பார்த்த தோழர் என் டிஎன்ஏவை எடுத்து அந்த வரிசையைப் பார்த்தார். முதலிடத்தில் சிவப்பு. இரண்டாமிடத்தில் ஒரு ஒட்டு மரபணு: முன்பாதி பச்சை, பின்பாதி சிவப்பு. மரபணுவில் புரதத்துக்கான செய்தி இருக்கும் துண்டுகளுக்கு எக்சான் என்று பெயர். நிறத்தைப் பெரிய அளவில் தீர்மானிப்பது ஐந்தாம் எக்சான். அது சிவப்பிலிருந்து வந்ததால், அந்த நிறமியும் சிவப்பை ஒட்டியே நிற்கிறது. மூன்றாமிடத்தில் எந்தக் குறையும் இல்லாத பச்சை.

ஆமாம், என்னிடம் நல்ல பச்சை மரபணு இருக்கிறது. எல்சிஆர் வழக்கமாக முதல் இரண்டு முகப்போடு நின்றுவிடும், மூன்றாவது வரை எட்டாது. ஒட்டு மரபணு மூன்றாவதாக இருந்து, முழுப் பச்சை இரண்டாவதாக இருந்தால் அந்த ஆள் எல்லாத் தட்டையும் படிப்பார். இதையும் 1999இல் காட்டியிருக்கிறார்கள். பந்திக்கு முந்து என்று சும்மா சொல்லவில்லை.

13 பிப்ரவரி

"ஒரு கூம்புக்கு ஒரு நிறமி என்பது இயற்கை விதி, இல்லாவிட்டால் நிறமே தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விதி இல்லை. எலியின் கீழ்ப்பாதிக் கூம்புகளில் பல, இரண்டு நிறமியையும் சேர்த்தே வைத்திருக்கும். நான் குப்பையில் போட்ட தொகுதியிலும் அதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று, அணில் குரங்கு. அந்த இனத்தில் ஆண்கள் எல்லாருக்கும் என்னைவிட மோசமான நிறக்குறை. எக்ஸில் ஒரே ஒரு நிறமி மரபணுதான். 2009இல் வளர்ந்த ஆண் குரங்கு இரண்டுக்கு, மனிதச் சிவப்பு நிறமி மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி விழித்திரைக்குள் செலுத்தினார்கள். ஏற்கெனவே பச்சை வகை நிறமி இருந்த கூம்புகளில் பல, புதியதையும் சேர்த்துச் செய்தன. அந்தக் குரங்குகள் அதுவரை பிரித்தறியாத நிறங்களைப் பிரித்தறிந்தன. ஒரு குரங்குக்கு டால்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள், தன் நிறக்குறையைப் பற்றி விரிவாக எழுதிய ஜான் டால்டன் நினைவாக. அந்த மனிதரின் கண் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1995இல் அதன் டிஎன்ஏவைப் பார்த்தார்கள், பச்சை மரபணு இல்லை.

எனக்கும் ஊசி போட்டுக்கொள்வேனா என்று கேட்க வேண்டாம். விழித்திரைக்கு அடியில் ஊசி என்றதுமே பச்சை தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

14 பிப்ரவரி

6ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். கூம்பு பிறக்கும் நேரத்தில் முடிவாகிவிடும், அதோடு கதை முடிந்தது என்ற தொனி வந்திருக்கிறது. அது தவறு.

வளர்ந்த சுண்டெலிகளுக்கும் ஆய்வகத்துப் பெரிய எலிகளுக்கும் மெதிமசோல் என்ற மருந்தைக் கொடுத்துத் தைராய்டு ஹார்மோனைக் குறைத்தார்கள். சில வாரத்தில் பச்சை நிறமி குறைந்து நீல நிறமி ஏறியது. மருந்தை நிறுத்தினால் பழையபடி திரும்பியது. கிளாஷ்கே, கிளோஸ்மன், பைக்கல் குழுவின் வேலை, 2011. அதாவது முதிர்ந்த கூம்புக்கும் ஹார்மோன் நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது: நீ நீலம் இல்லை, நீ நீலம் இல்லை. சொல்வதை நிறுத்தினால் செல் தன் இயல்பு நிலைக்கு நகர்கிறது. அடையாளம் என்பது கையெழுத்துப் போட்டு வாங்கிய பட்டா இல்லை, மாதாமாதம் கட்டும் வாடகை.

எலியைப் பற்றிச் சொல்கிறேன், மனிதரைப் பற்றி இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரும் நிறம் மாறுமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

18 பிப்ரவரி

இன்னொன்றையும் திருத்த வேண்டும், இது கொஞ்சம் வலிக்கிறது. 9ஆம் தேதி பூவா தலையா என்று எழுதினேன். பல ஆண்டு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தும் வந்தேன்.

2024இல் அதே ஜான்ஸ்டன் கூடத்திலிருந்து வந்த கட்டுரை: குட்டி விழித்திரைகளுக்கு ஆரம்பக் கட்டத்தில் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் பச்சைக் கூம்பு பெருகுகிறது, கொடுக்காவிட்டால் சிவப்பு ஓங்குகிறது. இந்த அமிலம் வைட்டமின் ஏயிலிருந்து வருவது. கருவிலும் பச்சை முன்னால், சிவப்பு பின்னால். முழு வளர்ந்த கண்ணிலும் ஓரத்துக்குப் போகப் போகச் சிவப்பின் பங்கு கூடும் என்பது முன்பே தெரிந்ததுதான், அதை நான் ஏன் யோசிக்கவில்லை? வெறும் காசு சுண்டல் என்றால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே விகிதம் வர வேண்டுமே.

எல்சிஆர் கதை இதனால் பொய்யாகவில்லை. ஒரு செல்லில் ஒரு முகப்பு என்பது அப்படியே நிற்கிறது. ஆனால் காசின் ஒரு பக்கத்துக்கு எடை கூட்ட ஒரு கை இருக்கிறது, அந்தக் கையும் நேரம் பார்த்துத்தான் நீள்கிறது. நீலத்துக்குச் சொன்ன அதே கடிகாரக் கதை.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் சொன்ன தலைமைப் புரதம் இது இல்லை. ஆனால் மேலிருந்து ஒரு உத்தரவும் இல்லை என்று நான் சொன்னதும் முழுச் சரி இல்லை. பாதிப் புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி, இரவு

முழுப் புள்ளி கேட்கிறார். தர முடியாது.

22 பிப்ரவரி

மரபணு வெளிப்பாடு என்றால் வாசிப்பது மட்டும் இல்லை, வாசித்தெடுத்த ஆர்என்ஏ நகலை வெட்டி ஒட்டுவதும்தான். சிவப்பு, பச்சை மரபணுக்களின் மூன்றாம் எக்சானில் பல இடங்களில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும். தனித்தனியாக ஒவ்வொரு மாற்றமும் சாதாரணம், ஊரெல்லாம் உண்டு. ஆனால் சில குறிப்பிட்ட கூட்டணிகள் ஒன்றுசேர்ந்தால், ஆர்என்ஏவை ஒட்டும் இயந்திரம் மூன்றாம் எக்சானையே தாவிவிடுகிறது. புரதம் உருப்படாது, கூம்பு கெடும், கடுமையான கிட்டப்பார்வை வரும். எந்த எழுத்தையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. கூடா நட்பு.

அப்புறம் மைக்ரோ ஆர்என்ஏ, மற்ற ஆர்என்ஏக்களை அடக்கி வைக்கும் குட்டி ஆர்என்ஏ. வளர்ந்த எலியின் கூம்புகளில் மைக்ரோ ஆர்என்ஏ உருவாவதைத் தடுத்தபோது செல் சாகவில்லை, ஆனால் ஒளி வாங்கும் வெளித்துண்டு கரைந்துபோனது. 182, 183 என்ற இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்ததும் அந்தச் சேதம் தடுக்கப்பட்டது. 2014.

2 மார்ச்

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். "உங்கள் ஒட்டு மரபணு பிள்ளைக்குப் போகுமா?" என்று புதிதாக ஒருவர். மகனுக்குப் போகாது, அவனுக்கு என் எக்ஸ் கிடையாது. மகளுக்குக் கட்டாயம் போகும். எனக்கு இருப்பது மகள்தான்.

அவள் விழித்திரையில் சுமார் பாதிக் கூம்புகளில் என் எக்ஸ் விழித்திருக்கும்: சிவப்பு அல்லது ஒட்டு. மறுபாதியில் அவள் அம்மாவின் எக்ஸ்: சிவப்பு அல்லது பச்சை. நீலத்தையும் சேர்த்தால் நான்கு வகை. இப்படிப்பட்ட பெண்களுக்கு நான்காவது நிறப் பரிமாணம் தெரியுமா என்று கேப்ரியெலே ஜோர்டன் குழு 2010இல் சோதித்தது. 24 பேரில் ஒருவர்தான் தேறினார். வகை இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது, மூளையும் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

என் மகளை யாரும் சோதிக்கவில்லை. தட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் படித்தாள். நேற்று இந்த இழைக்காக எடுத்து வைத்த பழைய எலிப் படம் ஒன்றைக் காட்டினேன், சிவப்புச் சாயம் எவ்வளவு சீராக இருக்கிறது பார் என்று. அது பழுப்பு அப்பா, பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்றாள். இரண்டு நிறமியும் ஒரே செல்லில் இருக்கும் படம். அதைப் பல ஆண்டு சிவப்பு மட்டும் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மற்றக் கோப்புகளையும் அவளை உட்காரவைத்துத்தான் திறக்க வேண்டும்.